பட்டியலில் இல்லாத முதல் பெயர்

அந்தப் பெண்ணை நான் நான்கு வருடம் 'ஜீரோ' என்று கூப்பிட்டேன். அவளுடைய பெயர் எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டின் முதல் வரியில் அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேனிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், கம்ப்யூட்டர் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. பழனிசெட்டிபட்டியில் மாடியில் ஒரு வாடகை வீடு, மனைவி, கைக்குழந்தை. அதற்கு முன்பு பெங்களூரில் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் இருந்தேன். ப்ரொபேஷன் முடிகிற வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் சரிப்பட மாட்டீர்கள் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் யாருக்கும் இது தெரியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வேலையை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிவைத்திருந்தேன். அம்மா ஆண்டிபட்டியில் நன்றாகத்தான் இருந்தார்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு சி மொழி எடுத்தேன். ஒரு நாள் அரே என்கிற பாடம். கரும்பலகையில் ஐந்து பெட்டிகளை வரிசையாக வரைந்து, ஒரு மாணவனின் ஐந்து மதிப்பெண்களை இதில் வைக்கிறோம், ஐந்துக்கும் சேர்த்து ஒரே பெயர், எந்தப் பெட்டி என்று சொல்ல பெட்டிக்கொரு எண் என்றேன். பெட்டிகளுக்குக் கீழே 0, 1, 2, 3, 4 என்று எழுதினேன்.

முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நீலச் சுடிதார், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை.

"சார், ஒண்ணாவது பெட்டிய ஏன் சார் ஜீரோன்னு போடுறோம்?"

"அது அப்படித்தான்."

"அப்ப அஞ்சாவது பெட்டிக்கு நாலுன்னு வருது சார். எண்ணுறப்ப கொழப்பமா இருக்காதா?"

அந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. தொடக்கத்திலிருந்து எத்தனை பெட்டி தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். முதல் பெட்டி தொடக்கத்திலேயே இருக்கிறது, தள்ள வேண்டியது ஒன்றுமில்லை, அதனால் பூஜ்ஜியம். இவ்வளவுதான். ஆனால் அன்று எனக்கு இது தெரியாது. புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தது, நான் மனப்பாடம் செய்து தேறியிருந்தேன். அறுபது முகங்களுக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எந்த ஊரு நீ?"

"பொட்டிப்புரம் சார்."

"நியூட்ரினோ ஆராய்ச்சிக்கு மலையைக் குடையப் போறாகன்னு சொன்னாங்களே, அந்த ஊரா?"

பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"அம்மா என்ன செய்யிறாங்க?"

"ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போறாக சார். கேரளாவுக்கு."

"சரி. ஏலக்காய்ச் செடியை உங்கம்மா ஒண்ணுலேர்ந்து எண்ணட்டும். இங்க ஜீரோலேர்ந்துதான். உன் ரோல் நம்பர் என்ன?"

"ஒண்ணு சார்."

"அப்ப கம்ப்யூட்டருக்கு நீ யாரு?"

பின்வரிசையிலிருந்து ஒருவன் "ஜீரோ" என்றான். வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது, பதிவேட்டைத் திறந்ததும், "ஜீரோ" என்றேன். அவள் எழுந்து "எஸ் சார்" என்றாள். அதற்குப் பிறகு அதுவே நிலைத்துவிட்டது. விடுதியிலும் பஸ்ஸிலும் கேன்டீனிலும் அவளுக்கு அதுதான் பெயர். அவளுடைய தோழிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அன்பாக. அதைக் காரணம் காட்டி, தப்பொன்றும் இல்லை என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருமுறை ஒரு தடிப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். நடுவில் பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்தாள்.

"சார், இந்த மொழியில ஒண்ணுலேர்ந்துதான் சார் ஆரம்பிக்குது. கணக்குப் போடுறவங்களுக்காக அப்படி வச்சிருக்காகளாம். ரெண்டு விதமும் இருக்கு சார்."

அவள் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி மட்டும்தான். ஜெயித்துவிட்டேன் என்கிற பாவனை துளியும் இல்லை. ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தவள், அதைக் கேட்கத் தகுந்த ஆள் என்று நம்பி என்னிடம் வந்திருக்கிறாள். பக்கத்து மேசையில் இரண்டு விரிவுரையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்த மொழியிலயே போய்ப் பரீட்சை எழுது," என்றேன்.

புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு மேசைக்கு வந்து எதுவும் கேட்கவில்லை.

நான்காம் ஆண்டில் துறையின் வேலைவாய்ப்புப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வருவதாக உறுதியானது. எங்கள் கல்லூரிக்கு அந்த அளவு கம்பெனி வருவது அரிது. இறுதியாண்டில் ஐம்பத்தெட்டுப் பேர். ஐம்பத்தெட்டுப் பேரும் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினார்கள். அதிலிருந்து பெயர், பதிவெண், மதிப்பெண் எல்லாவற்றையும் எடுத்து, பதிவெண் வரிசையில் அடுக்கிச் சரிபார்த்து, தேர்வுக்கான பட்டியலாக மாற்றிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மற்ற துறைகளில் இதைக் கையால் செய்து கொண்டிருந்தார்கள். நான் ஒரு ப்ரோகிராம் எழுதினேன். பொத்தானை அழுத்தினால் பட்டியல் வந்து விழும். தேர்வுக்கு முந்தின நாள் ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் அதைத் திரையில் போட்டுக்காட்டச் சொன்னார். "இந்த மாதிரி ஆளுகதான் நமக்கு வேணும்," என்றார். துறைத்தலைவர் அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. எட்டரைக்கு ஆய்வகத்தின் வாசலில் பட்டியலை ஒட்டினார்கள். பையன்கள் இரவல் வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு கூட்டமாக நின்று பெயர் பார்த்தார்கள். கூட்டம் உள்ளே போன பிறகு அவள் மட்டும் பட்டியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சார், என் பேரு இல்ல சார்."

போய்ப் பார்த்தேன். வரிசை எண் ஒன்று என்று போட்டு, அதற்கு நேரே பதிவெண் 002 இருந்தது. கடைசியில் மொத்தம் ஐம்பத்தேழு.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. படிவத்திலிருந்து வரும் தாளில் முதல் வரி தலைப்பு: பெயர், பதிவெண், மதிப்பெண் என்று இருக்கும். அது பட்டியலில் வந்துவிடக் கூடாது என்று, பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து எடுக்கும்படி எழுதியிருந்தேன். ஆனால் தாளைத் திறக்கும்போதே தலைப்பு வரி தானாகக் கழன்றுவிடும். அதை நான் மறந்திருந்தேன். பூஜ்ஜியத்தில் தலைப்பு இல்லை. அவள் இருந்தாள்.

பக்கத்து அறையில் கம்பெனி அதிகாரி காபி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கோப்பையோடு வெளியே வந்து அவளையும் என்னையும் பார்த்து, "யாராவது விட்டுப்போயிட்டாங்களா சார்? இப்பவே சேர்த்துக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை," என்றார். அவருக்குப் பின்னால் எங்கள் முதல்வரும் வந்து நின்றார்.

"இல்ல சார். எல்லாம் கரெக்டா இருக்கு. இவ படிவம் நிரப்பல," என்றேன்.

"நிரப்புனேன் சார்," என்றாள் அவள்.

"நிரப்பியிருந்தா பேரு வந்திருக்கும்ல? மெஷின் எழுதுனது. மெஷினுக்கு உன் மேல என்ன கோவம்?"

முதல்வருக்குப் பயந்து சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது, உண்மை. ஆனால் முழு உண்மை வேறு. பட்டியலில் விடுபட்டது வேறு யாராவதாக இருந்திருந்தால், துறைத்தலைவரின் சொந்தக்காரப் பையனாகவோ, அப்பா தேனியில் கடை வைத்திருக்கிறவனாகவோ இருந்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்தை நான் கேட்டிருப்பேன். அவள் என்று தெரிந்ததும் மனதுக்குள் லேசாக ஓர் ஆறுதல் வந்தது. இவள்தானே என்று.

ஆய்வகத்தின் கதவைச் சாத்தினார்கள். அவள் வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தேர்வு முடிய இரண்டு மணிநேரம். நான் நடுவில் மூன்று முறை வெளியே போய் வந்தேன். மூன்று முறையும் அவள் எழுந்து நின்றாள்.

அதிகாரி போன பிறகு முதல்வர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இவ்வளவு பெரிய கம்பெனி முன்னால் ஒரு மாணவி ஆசிரியரை எதிர்த்துப் பேசினாள் என்பது அவர் மனதில் தங்கிவிட்டது. "நாளைக்கு வீட்டுலருந்து ஆளைக் கூட்டிட்டு வா," என்றார். அப்பா இல்லாத பெண். அம்மாதான் வர வேண்டும்.

விடியுமுன் ஜீப்பில் மலையேறிப் போகிற அந்த அம்மா மறுநாள் வேலைக்குப் போகாமல் பஸ் மாறி வந்திருந்தார். கருத்து ஒல்லியாக, ரப்பர் செருப்பு, துவைத்து மடித்த சேலை. கையில் மஞ்சள் பை. முதல்வர் அறையில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சுவரோரம் நின்றார். மகள் பக்கத்தில்.

முதல்வர் என்னைப் பார்த்து, "சொல்லுங்க சார்," என்றார்.

சொன்னேன். படிவம் நிரப்பக் கடைசித் தேதி கொடுத்திருந்தோம், மூன்று முறை நினைவுபடுத்தினோம், ஐம்பத்தேழு பேர் நிரப்பினார்கள், இவள் மட்டும் அலட்சியமாக இருந்துவிட்டு இப்போது நிரப்பினேன் என்கிறாள். குரல் எங்கும் தடுமாறவில்லை.

அம்மா மகள் பக்கம் திரும்பினார். "ஏ ஆத்தா, நெப்புனியா இல்லயா? உள்ளதச் சொல்லு."

"நெப்புனேம்மா."

"சார் இல்லேங்கிறாகள்ல."

"நெப்புனேம்மா. சத்தியமா."

"அப்ப சார் பொய் சொல்றாகளா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஏதாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி இருந்தது. அப்போதும் அவளுக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை. இணையத்தில் எங்கோ, படிவத்தில் எங்கோ கோளாறு நடந்திருக்கும், சார் தேடிப் பார்த்துச் சொல்வார் என்று நினைத்திருக்கிறாள். நான் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடிப் பூ இருந்தது.

அந்த அம்மா மகளைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு மறுபடியும். கையில் வலு இருந்தது.

"ஒரு பாரத்தை நெப்ப முடியல ஒனக்கு. நாலு வருசமா அட்டையும் பாம்பும் மிதிச்சு மலையேறுறேன். ஒரு பாரத்தை நெப்ப முடியல. இதுல பெரியாளுகளை எதுத்து வேற பேசுற."

மகள் கையைத் தூக்கிக்கூடத் தடுக்கவில்லை. முதல்வர், "சரிம்மா, விடுங்க. வயசுப் பிள்ளை," என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என்னிடம் கொடுத்து, மன்னிப்புக் கடிதம் வாங்கிவிடச் சொன்னார்.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'என்னுடைய கவனக்குறைவினால் படிவத்தை நிரப்பத் தவறிவிட்டேன். ஆசிரியர் மீது பொய்யாகக் குறை கூறியதற்கு வருந்துகிறேன்.' பொய்யாக என்கிற சொல்லில் பேனா நின்றது. "எழுது," என்றேன். எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அம்மாவும் கீழே கையெழுத்துப் போட்டார், எழுத்துக் கூட்டி, மெதுவாக. அந்தக் கடிதம் அவளுடைய கோப்புக்குப் போனது. ஒரு கம்பெனித் தேர்வுக்கு அலட்சியமாக வராதவர்கள் அந்த வருடம் வேறு எந்தக் கம்பெனிக்கும் போக முடியாது என்று ஒரு விதி எங்கள் கல்லூரியில் இருந்தது. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

வெளியே வந்ததும் அம்மா என்னிடம் மஞ்சள் பையை நீட்டினார்.

"காட்டுல வெளஞ்ச மொச்சை சார். பச்சைதான். வீட்டுக்குக் கொண்டுட்டுப் போங்க. பிள்ளை தெரியாமப் பேசிருச்சு, மனசுல வச்சுக்கிறாதீக. நீங்கதான் கரையேத்திவிடணும்."

வாங்கிக்கொண்டேன். அன்று இரவு மனைவி மொச்சைக் குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது. இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ப்ரோகிராமைத் துறையின் கம்ப்யூட்டரில் எல்லா மாணவர்களும் பார்க்கிற இடத்தில் நானேதான் போட்டுவைத்திருந்தேன். பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. தேர்வுக்கு முன்பு வந்த பெருமையில் செய்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்கிற நினைப்பு.

மூன்று வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தபோது அவள் வந்தாள். கையில் ஒரே ஒரு தாள். அதில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"சார், இது ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது சார்."

தாளை வாங்கிப் பார்த்தேன். பார்ப்பது போல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"தலைப்பு முன்னாடியே கழண்டுருது சார். அதனால முதல் ஆள் விட்டுப்போகும். நான் போட்டுப் பாத்தேன். ஐம்பத்தெட்டுக் குடுத்தா ஐம்பத்தேழுதான் வருது."

"யார்கிட்டயாவது காட்டுனியா?"

"இல்ல சார்."

"நீதானே ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு முதல் வருசத்துல கேட்ட? ஆரம்பிச்சிட்டேன். இப்ப என்ன?"

இதைச் சொன்னது நான்தான். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தயாராக இருந்தது. சொன்னதும் அவள் முகத்தில் ஒன்று நடந்தது. அதற்கு என்னிடம் சொல் இல்லை. அழவில்லை. அதுவரை அவள் நினைத்திருந்தது, எனக்கும் இது தெரியாது, இப்போது தெரிந்தால் வருத்தப்படுவேன் என்று. அந்த நினைப்பு போனதை மட்டும் பார்த்தேன்.

"அந்த லெட்டரை மட்டும் எடுத்துருங்க சார்," என்றாள் மெதுவாக. "அடுத்த மாசம் ரெண்டு கம்பெனி வருதுன்னு சொல்றாக. எடுத்துட்டீங்கன்னா நான் எழுதிக்கிருவேன். இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பார்க்கிறேன்," என்றேன்.

அவள் போனதும் செய்த முதல் வேலை, ப்ரோகிராமை அங்கிருந்து அழித்தது. ஒன்றைப் பூஜ்ஜியமாக மாற்றி என்னுடைய கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துக்கொண்டேன். ஓர் எழுத்து மாற்றம். கடிதத்தை எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமானால் முதல்வரிடம் காரணம் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் இரண்டு கம்பெனிகளும் வந்தன. பட்டியல் பிழையில்லாமல் வந்தது. கடிதத்தின் காரணமாக அவள் பெயரை நானே கையால் நீக்கினேன். இரண்டு முறையும் ஐம்பத்தேழு.

அந்த வருடம் முப்பது பேருக்குமேல் வேலை கிடைத்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் பரீட்சைக்கு முன்னால் விடுதியில் உட்கார்த்திப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் தேவாரத்தில் ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகப் போய்ச் சேர்ந்தாள். நான் துறைத்தலைவர் ஆனேன்.

ஏழெட்டு வருடம் ஓடியது. போன வருடம் ஒரு விடுமுறை நாளில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வைகை அணைக்குப் போயிருந்தேன். பூங்காவில் மாங்காய் பத்தை வாங்கிக்கொண்டு நின்றபோது, ஒருவன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். பழைய மாணவன். முதலாம் ஆண்டில் பின்வரிசையிலிருந்து 'ஜீரோ' என்று சொன்னவன். சென்னையில் வேலை, கல்யாணமாகிவிட்டது, பக்கத்தில் மனைவி. வகுப்பில் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"நம்ம ஜீரோ ஞாபகம் இருக்கா சார்? அஞ்சு வருசம் ஸ்கூல்லயே கெடந்துட்டு, இப்பத்தான் கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் செக்சன்ல இருக்கா. படிச்சவ சார். என்னமோ, அந்த பாரத்தை மட்டும் நெப்பாம விட்டுட்டா."

சிரித்தான். பழக்கத்தில் நானும் சிரித்தேன். அவன் போன பிறகு எட்டாவது படிக்கிற என் மகள், "ஏம்ப்பா அவங்களை ஜீரோன்னு கூப்பிடுறீங்க?" என்றாள்.

"அது ரோல் நம்பர்ம்மா. கம்ப்யூட்டர்ல ஒண்ணுக்குப் பேரு ஜீரோ."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

மாங்காய்ப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். மகள் மாங்காயைத் தின்றுகொண்டு மீன் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு வகுப்பு எடுக்க ஓடவில்லை. ஒருநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரை வாசிக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிள்ளைகள் உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டார்கள். யாரிடமாவது சொல்லிவிட்டால் இது இறங்கிவிடும் என்று தோன்றியது. அவளிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்த அம்மாவுக்குத் தெரியாது. அப்படித்தான் யோசித்தேன். என் பாரம் இறங்குவதைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன் என்பது இப்போது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பொட்டிப்புரத்துக்குப் பைக்கில் போனேன். ஞாயிறு தோட்டத்துக்கு ஜீப் போகாது. விசாரித்துக்கொண்டு போனபோது அந்த அம்மா தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றார். முடி பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். நீங்க எங்க இங்கன?" குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து, வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டார். மகள் அனுப்பிய நாற்காலியாம். ஆஸ்பத்திரியில் டாக்டர்களே மகளைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள் என்றார். மாதம் ஒருமுறை வந்துவிட்டுப் போகிறாள், கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் கோபம் வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். "எல்லாம் நீங்க போட்ட படிப்பு சார்."

அதற்கு மேல் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. சொன்னேன். பூஜ்ஜியம், ஒன்று, தலைப்பு வரி எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது சார். பாரத்தை அவ நெப்பியிருந்தாளா?"

"நிரப்பியிருந்தா."

"அப்ப பேரு எப்படிப் போச்சு?"

"நான் எழுதுனதுல தப்பு."

"ஒங்களுக்கு அது எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நீங்க வர்றதுக்கு முந்தின நாளே."

அவர் கீழே படியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் தன்னுடைய வலது கையையே பார்த்தார். ஏலக்காய்க் கறை ஏறிய விரல்கள்.

"அடிச்சேனே சார்," என்றார். "ஒங்க முன்னாடிதான அடிச்சேன்."

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டா பாத்துக்கிட்டு இருந்தீக?"

நான் தலையை ஆட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எழுந்தேன். அவர் அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் கொண்டுவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. குழாயில் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து குழாயை மூடிவிட்டு, "அக்கா, கொடம்," என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தாள். குடத்தை இறக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். கால்மணி நேரம் நின்றுவிட்டு பைக்கை எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உள்ளது இதுதான்: சங்கராபுரம் தாண்டும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை மதியம் பழனிசெட்டிபட்டியில் மருந்துக் கடையில் நின்றபோது போன் வந்தது. தெரியாத எண். குரல் தெரிந்தது.

"சார், எங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"ஆமாம்மா. சொல்லாம இருக்க முடியல. உங்கம்மாவுக்கு உண்மை தெரியணும்னு..."

"அம்மா அடிச்சது சரின்னு அவுக நெனச்சுக்கிட்டு இருந்தாக சார். அப்படியே இருக்கட்டும்னுதான் நான் சொல்லல. எட்டு வருசமா சொல்லல." அவள் நிதானமாகப் பேசினாள். பின்னால் ஆஸ்பத்திரியின் சத்தம் கேட்டது, யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "திங்கக்கெழமையிலேர்ந்து வேலைக்குப் போகல. சாப்பிடல. நான் போன் பண்ணா எடுத்துட்டு, பேச மாட்டேங்குறாக. பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் நீங்க வந்ததே தெரியும். நான் இப்ப லீவு போட்டுட்டுப் போறேன்."

"நானும் வந்து அம்மாகிட்டப் பேசட்டுமா?"

"வேணாம் சார்."

"நான் வேற என்ன செய்யணும்னு சொல்லு. அந்த லெட்டரை இப்பவே எடுத்து..."

"சார்," என்றாள். "நீங்க எங்கம்மாவைப் பாக்க இனிமே வராதீங்க. அது போதும்."

வைத்துவிட்டாள். கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கவருக்குள் போட்டு நீட்டிக்கொண்டிருந்தார். திருப்பி அந்த எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மாலையில் மறுபடி அடித்தபோது, அந்த எண்ணுக்கு என் போனிலிருந்து இனி அழைப்பு போகாது என்று தெரிந்தது. அந்த அம்மா வேலைக்குத் திரும்பினாரா, மகளோடு பேசினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லை.